திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் வாங்கலாமா? தணிக்கைப் பணியில் இருப்பவருக்கு ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். நீங்கள் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறீர்கள். வாரத்தின் பெரும்பாலான நாட்களில் பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ வாடிக்கையாளர்களின் அலுவலகங்களுக்குப் போய்வருகிறீர்கள். எக்செல், டேலி, ஜிஎஸ்டி தளம், வருமான வரித் தளம், அவ்வப்போது காணொளிக் கூட்டம் ஆகியவையே உங்கள் வேலை. கடையில் லெனோவோவின் மடிக்கணினியான திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், 2018ஆம் ஆண்டின் ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ரேமுடன் (நிரல்கள் ஓடும்போது பயன்படும் நினைவகம்), புதுப்பிக்கப்பட்ட நிலையில் கிடைக்கிறது. இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் அதே நிறுவனத்தின் டி14 கிடைக்கும். எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எக்ஸ்1 கார்பன் உங்கள் வேலைக்குப் பொருத்தமான கணினிதான். ஆனால் கடைக்காரர் காட்டும் அந்த 8 ஜிபி கணினியை வாங்க வேண்டாம். இந்த இரண்டு முடிவுகளுக்கும் காரணம் ஒன்றே. எடையைக் குறைப்பதற்காக இந்தக் கணினியில் சில வசதிகள் விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் சில உங்களை ஒருபோதும் பாதிக்கப்போவதில்லை. ஒன்று மட்டும் வாங்கிய நாளிலிருந்து கடைசி நாள் வரை உங்களோடு இருக்கும்.

முதலில் எடை. 1992இல் ஐபிஎம் தொடங்கிய திங்க்பேட் வரிசை 2005இல் லெனோவோவின் கைக்கு வந்தது. எக்ஸ்1 கார்பனின் முதல் தலைமுறை 2012இல் 1.36 கிலோ எடையோடு வெளியானது. 14 அங்குலத் திரை கொண்ட அலுவலகக் கணினி என்றால் 2 கிலோவை ஒட்டி இருப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. ஆறாம் தலைமுறை 1.13 கிலோவுக்கு இறங்கியது. 2024இல் அறிவிக்கப்பட்ட பதின்மூன்றாம் தலைமுறை ஒரு கிலோவுக்கும் கீழே வந்துவிட்டது. டி14 அதன் தலைமுறையைப் பொறுத்து ஏறக்குறைய 1.3 முதல் 1.5 கிலோ வரை இருக்கும்.

இந்த எண்களைப் பார்க்கும்போது இரண்டைக் கவனத்தில் கொள்ளுங்கள். விளம்பரத்தில் வருவது 'இந்த எடையிலிருந்து தொடங்கும்' என்ற பொருளிலான எண். தொடுதிரை போன்ற கூடுதல் வசதிகள் சேரும்போது எடை கூடும். அடுத்தது சார்ஜர். 65 வாட் சார்ஜரையும் நம் ஊர் மூன்று முள் பிளக் கொண்ட தடித்த கம்பியையும் சேர்த்தால் கால் கிலோவைத் தாண்டும். ஆகவே டி14க்கும் கார்பனுக்கும் இடையில் உள்ள வேறுபாடு உண்மையில் ஒரு சார்ஜரின் எடைதான். பகலில் சார்ஜரைத் தூக்காமல் சமாளிக்க முடிந்தால் டி14 வைத்திருப்பவரும் ஏறக்குறைய அதே பலனைப் பெறுவார். ஒரு மேசையில் உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் இந்த முந்நூறு கிராமுக்காக அதிகப் பணம் கொடுப்பதில் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான். உங்களைப் போல நாள்தோறும் தோளில் பையோடு பேருந்தில் நிற்பவர்களுக்குக் கணக்கு வேறு. பையில் கோப்புகளும் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் ஏற்கெனவே இருக்கும்போது, குறைகின்ற ஒவ்வொரு நூறு கிராமும் மாலையில் தோளுக்குத் தெரியும்.

இந்த எடைக் குறைப்புக்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. எக்ஸ்1 கார்பனின் எல்லாத் தலைமுறைகளிலும் ரேம் மதர்போர்டிலேயே (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) பற்றவைக்கப்பட்டிருக்கிறது. தனியாகக் கழற்றி மாட்டும் ஸ்லாட் ஒன்றுகூட இல்லை. ஸ்லாட்டை நீக்கினால் தடிமன் குறைகிறது, மின்செலவும் சற்றுக் குறைகிறது. வடிவமைப்பாளரின் பார்வையில் அதில் நியாயம் உண்டு. வாங்குபவரின் பார்வையில், கடையில் எந்த அளவு ரேமோடு வாங்குகிறாரோ அதுவே அந்தக் கணினியின் ஆயுள் முழுமைக்குமான அளவு. பிறகு ஒரு சிப் பழுதானால் மதர்போர்டையே மாற்ற வேண்டியிருக்கும். பதின்மூன்றாம் தலைமுறையில் இது இன்னும் ஒரு படி முன்னேறிவிட்டது. 2024இல் அறிவிக்கப்பட்ட அதன் பதிப்பில் உள்ள இன்டெல் பிராசசரின் உறைக்குள்ளேயே நினைவகம் அடைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பதிப்பில் 16 ஜிபி, 32 ஜிபி என்ற இரண்டைத் தவிர வேறு தேர்வே கிடையாது.

8 ஜிபி உங்களுக்கு ஏன் போதாது என்பதை உங்கள் ஒரு வேலைநாளை வைத்தே பார்க்கலாம். விண்டோஸ் 11, அலுவலகம் கட்டாயப்படுத்தும் ஆன்டிவைரஸ், டேலி ஆகியவை ஓடிக்கொண்டிருக்கும். பிரவுசரில் ஜிஎஸ்டி தளமும் வருமான வரித் தளமும் மின்னஞ்சலும் திறந்திருக்கும். இவற்றின் மேல் ஆயிரக்கணக்கான வரிசைகள் கொண்ட இரண்டு மூன்று எக்செல் கோப்புகள் ஏறும். அந்த நேரம் பார்த்து மேலதிகாரி காணொளிக் கூட்டத்துக்கு அழைப்பார். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் பழைய பக்கங்களை, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குத் தள்ளும். ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் அவற்றைத் திரும்ப எடுக்க வேண்டியிருப்பதால் திரை ஓரிரு நொடிகள் உறைந்து நிற்கும். கடைக்காரர் கணினியை ஆன் செய்து காட்டும் ஐந்து நிமிடங்களில் இது வெளிப்படாது. ஆறாம் தலைமுறையில் 16 ஜிபி கொண்டவையும் வந்தன. அந்தத் தலைமுறையில் அதுவே உச்சம். உங்கள் வேலைக்கு அதுவே குறைந்தபட்சம். பிராசசர் ஐ5 ஆக இருந்தால் போதும். ஐ7 என்ற பெயருக்காக 8 ஜிபி கணினியை எடுப்பதைவிட, 16 ஜிபியோடு ஐ5 எடுப்பது எவ்வளவோ மேல்.

டி14இன் பலம் இங்கேதான் இருக்கிறது. அதன் முதல் சில தலைமுறைகளில் பற்றவைத்த ரேமோடு ஒரு ஸ்லாட்டும் உண்டு. 2024இல் வந்த இன்டெல் ஐந்தாம் தலைமுறையில் இரண்டுமே கழற்றக்கூடிய ஸ்லாட்டுகள். அதாவது 8 ஜிபியோடு வாங்கிவிட்டு அடுத்த ஆண்டு கையில் பணம் வரும்போது கூட்டிக்கொள்ளலாம்.

ரேமை வைத்துக்கொண்டு எக்ஸ்1 கார்பன் பழுதுபார்க்கவே முடியாத கணினி என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. ஆறாம் தலைமுறையின் அடிமூடி ஐந்து சாதாரண ஸ்டார் திருகுகளில் நிற்கிறது. அவை தளர்ந்தாலும் மூடியிலேயே தங்கிவிடுவதால் தொலைந்துபோகும் பயம் இல்லை. கழற்றுவதற்கு முன், விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று, மின் அமைப்புப் பகுதியில் உள்பேட்டரியை முடக்கும் தேர்வை அழுத்த வேண்டும். கணினி தானாக அணைந்துவிடும். சார்ஜரைத் திரும்பச் செருகும் வரை மின்சாரம் பாயாது. மூடியைத் திறந்தால் பேட்டரி பசையில் ஒட்டப்படாமல் திருகுகளில் நிற்பதையும், எஸ்எஸ்டி ஒரே திருகில் கழன்று வருவதையும், மின்விசிறி கைக்கெட்டும் இடத்தில் இருப்பதையும் காணலாம். எந்தப் பாகத்தை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று படங்களோடு விளக்கும் பராமரிப்புக் கையேட்டை லெனோவோ தன் தளத்தில் எல்லோருக்கும் இலவசமாகவே வைத்திருக்கிறது. இவ்வளவு மெல்லிய கணினியில் இது பெரிய நன்மை. பேட்டரி தேய்வது உறுதி. அதை மாற்றுவது எளிது என்றால் கணினியின் வாழ்நாள் சில ஆண்டுகள் கூடும்.

விசைப்பலகைதான் விதிவிலக்கு. ஆறாம் தலைமுறையில் அது கைவைக்கும் மேல்தட்டோடு ஒன்றாகவே வருகிறது. ஒரு விசை உடைந்து முழு விசைப்பலகையை மாற்ற நேர்ந்தால் பேட்டரி, மதர்போர்டு, மின்விசிறி, திரை என எல்லாவற்றையும் புதிய தட்டுக்கு இடம் மாற்ற வேண்டும். பாகத்தின் விலையும் கூலியும் சேர்ந்து பெரிய தொகையாகிவிடும். பழைய கணினி வாங்கும்போது ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அந்த விசைப்பலகையின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் என் பார்வையில் எடையைவிட இதுவே இந்தக் கணினியை வாங்குவதற்கு வலுவான காரணம். மெல்லிய கணினிகள் பலவற்றில் விசைகள் தட்டையாகி, விரல் மரப்பலகையில் மோதுவது போன்ற உணர்வு வந்துவிடுகிறது. எக்ஸ்1 கார்பனில் விசைகள் குழிவாக, நன்றாக இறங்கி எழுகின்றன. அண்மைத் தலைமுறைகளில் இறங்கும் ஆழம் 1.5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தாலும் நாள் முழுவதும் எண்களைத் தட்டுவதற்கு இன்றும் வசதியாகவே இருக்கிறது. 2014இல் வந்த இரண்டாம் தலைமுறையில் மேல்வரிசைச் செயல்விசைகளை நீக்கிவிட்டு ஒரு தொடுபட்டையை வைத்தார்கள். எக்செலில் எஃப்2, எஃப்4 விசைகளைப் பார்க்காமலே அழுத்திப் பழகியவர்களுக்கு அது பெரும் இடைஞ்சல். கடும் எதிர்ப்பு வந்ததும் 2015இல் பழைய விசைகளே திரும்பி வந்தன. ஆகவே மிகமலிவாகக் கிடைத்தாலும் இரண்டாம் தலைமுறையின் பக்கம் போக வேண்டாம். விசைகளின் நடுவில், திரையில் சுட்டியை நகர்த்துவதற்காக இருக்கும் சிவப்புக் குமிழ் பழக்கத்துக்கு உட்பட்டது. பழகியவர்கள் விடமாட்டார்கள், பழகாதவர்கள் டச்பேடிலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம். எண்களுக்கான தனி விசைத்தொகுதி இதில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். டி14இலும் இல்லை. அலுவலகத்தில் ஒரு சிறிய யுஎஸ்பி எண்பலகையை வைத்துக்கொண்டால் போதும்.

இணைப்பு வாய்களைப் பொறுத்தவரை, உங்களுக்கு இதில் தனிப்பட்ட நன்மை ஒன்று உண்டு. டிஜிட்டல் கையொப்பத்துக்கான டிஎஸ்சி டோக்கன் இன்னும் பழைய அகன்ற யுஎஸ்பி வடிவத்தில்தான் பெரும்பாலும் வருகிறது. மேக்புக் ஏர் போன்ற மெல்லிய கணினிகளில் டைப்-சி மட்டுமே இருப்பதால், டோக்கனைச் செருக ஒரு மாற்றியைத் தேட வேண்டும். மாற்றி வீட்டில் இருக்கும் நாளில்தான் படிவம் தாக்கல் செய்யக் கடைசித் தேதியும் வந்து நிற்கும். ஆறாம் தலைமுறை முதல் பதின்மூன்றாம் தலைமுறை வரை எக்ஸ்1 கார்பன் இரண்டு அகன்ற யுஎஸ்பி வாய்களையும் முழு அளவு எச்டிஎம்ஐ வாயையும் விடாமல் வைத்திருக்கிறது. ஒன்றில் டோக்கன், இன்னொன்றில் மவுஸ் அல்லது பென் டிரைவ் என்று வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் புரொஜெக்டருக்கும் நேரடியாக இணைக்கலாம். இல்லாதது லேன் கேபிள் வாய் மட்டும். டி14இல் அது உண்டு. வைஃபை தர மறுக்கும் நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் அடிக்கடி போவீர்கள் என்றால், ஒரு யுஎஸ்பி லேன் மாற்றியைப் பையில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

வெப்பத்தைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்கிறேன். மெல்லிய உடலுக்குள் சிறிய விசிறிதான் வைக்க முடியும். ஆறாம் தலைமுறையின் பிராசசர் 15 வாட் வகையைச் சேர்ந்தது. சில நொடிகளுக்கு அதற்கு மேலும் இழுத்து வேகமாக ஓடும்; சூடேறியதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எக்செல் கணக்கீடு, டேலியில் அறிக்கை எடுப்பது போன்ற வேலைகள் இப்படிச் சில நொடிகளில் முடிபவை என்பதால் உங்களுக்கு இது குறையாகத் தெரியாது. காணொளி தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு என்று மணிக்கணக்கில் பிராசசரை வாட்டுபவர்கள் இந்தக் கணினியை எடுக்கக் கூடாது. 2022இன் பத்தாம் தலைமுறையில் 28 வாட் வகை பிராசசர்களும் வந்தன. எண்ணைப் பார்த்தால் வேகம். கையில் வைத்தால் அதிகச் சூடும் குறைந்த பேட்டரி நேரமும். பயணம் செய்பவருக்குக் குறைந்த வாட் வகையே நல்லது.

இன்னொன்று நம் ஊர் வெயில். திங்க்பேட்களுக்கு லெனோவோ குறிப்பிடும் இயங்கு வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி வரை. சித்திரை வைகாசியில் குளிர்சாதனம் இல்லாத கிடங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து சரக்கிருப்பு சரிபார்க்கும்போது அறையின் வெப்பமே அந்த எல்லையைத் தாண்டியிருக்கும். கணினி உடனே நின்றுவிடாது. ஆனால் விசிறி இரையும், வேகம் குறையும், பேட்டரி விரைவில் தேயும். காற்று அடிப்பகுதியிலிருந்து உள்ளே போவதால் மடியிலோ துணி விரித்த மேசையிலோ வைக்காதீர்கள். ஆறாம் தலைமுறையில் சூடான காற்று வலப்பக்கமாக, மவுஸ் பிடிக்கும் கையின் மீதே வந்து விழும். அது பழுதின் அறிகுறி அல்ல. மூடியைத் திறந்து விசிறியின் தூசியை ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துவிட்டால் இந்தத் தொல்லைகளில் பாதி குறையும்.

திரையில் அலங்காரத்தைத் தேட வேண்டாம். கார்பனின் பேட்டரி ஆறாம், ஒன்பதாம் தலைமுறைகளில் 57 வாட்-மணி அளவு கொண்டது. கணினி சராசரியாக 6 வாட் இழுத்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வரும். 9 வாட் இழுத்தால் ஆறு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். இந்த வித்தியாசத்தை உண்டாக்குவதில் திரைக்குப் பெரும் பங்கு உண்டு. உயர் பிக்சல் திரையும் ஓஎல்இடி திரையும் படம் பார்க்க அழகாக இருக்கும். வெள்ளைப் பின்னணியில் நாள் முழுவதும் எக்செல் பார்ப்பவருக்கு அவை மின்சாரத்தைத்தான் தின்னும். பளபளப்பில்லாத சாதாரணத் திரையை எடுங்கள். முடிந்தால் 2021இன் ஒன்பதாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும். அந்த ஆண்டில்தான் திரை 1920×1080இலிருந்து உயரம் கூடிய 1920×1200க்கு மாறியது. எக்செலின் இயல்பான வரிசை உயரம் 20 பிக்சல்; எனவே 100 விழுக்காட்டு அளவில் ஆறு வரிசைகள் கூடுதலாகத் தெரியும். பேரேடுகளைக் கீழே உருட்டிக்கொண்டே இருப்பவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

இனி, பழையது வாங்குவதைப் பற்றி. ஐந்தாம் தலைமுறையையும் அதற்கு முந்தையவற்றையும் தவிர்த்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் இன்டெல் பட்டியல், ஒருசில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை பிராசசரிலிருந்துதான் தொடங்குகிறது. ஆறாம் தலைமுறை கார்பனில் இருப்பது அந்த எட்டாம் தலைமுறை பிராசசர். மயிரிழையில் உள்ளே வந்துவிடுகிறது. வாடிக்கையாளர்களின் நிதி விவரங்களைக் கையாளும் கணினியில் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன இயங்குதளம் இருக்கவே கூடாது.

சென்னை ரிச்சி தெருவிலோ வேறு எங்கோ பார்த்தாலும் சரி, பணம் கொடுக்கும் முன் சிலவற்றை நீங்களே சரிபார்க்க வேண்டும். கணினி தொடங்கும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் செல்லுங்கள். கடவுச்சொல் கேட்டால் அந்தக் கணினி வேண்டாம். பழைய நிறுவனம் போட்ட சூப்பர்வைசர் கடவுச்சொல் தெரியாவிட்டால் லெனோவோ சொல்லும் ஒரே வழி மதர்போர்டை மாற்றுவதுதான். பிறகு இணையத்தோடு இணைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவச் சொல்லுங்கள். தொடக்கத் திரையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு அலுவலகக் கணக்கைக் கேட்டால், பழைய நிறுவனம் தன் பதிவிலிருந்து அதை இன்னும் நீக்கவில்லை என்று பொருள். இன்று ஏதோ ஒரு குறுக்குவழியில் கடைக்காரர் தாண்டிக் காட்டினாலும், அடுத்த முறை விண்டோஸ் போடும்போது அது மீண்டும் வந்து நிற்கும்.

லெனோவோ வான்டேஜ் செயலியில் பேட்டரியின் முழுக் கொள்ளளவும் சார்ஜ் சுழற்சி எண்ணிக்கையும் தெரியும். 57 வாட்-மணி பேட்டரியில் அது 40க்குக் கீழே இறங்கியிருந்தால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். இரண்டு டைப்-சி வாய்களிலும் சார்ஜரைத் தனித்தனியாகச் செருகிப் பாருங்கள். 2017 முதல் 2019 வரையிலான பல திங்க்பேட்களில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (இந்த வாய்களை இயக்கும் உள்மென்பொருள்) கோளாறால் இந்த வாய்கள் செயலிழப்பதுண்டு என்று லெனோவோவே அறிவித்து, புதுப்பிப்பு வெளியிட்டது. ஆறாம் தலைமுறையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. புதுப்பிப்பைப் போடாமல் விட்டு, வாய் செத்துப்போனால் அதுவும் மதர்போர்டு செலவில்தான் முடியும். ஆகவே வாங்கிய அன்றே பயாஸையும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரையும் புதுப்பித்துவிடுங்கள்.

உங்கள் தேர்வை நான் செய்வதானால், வரிசை இப்படி இருக்கும். பட்ஜெட் இடம் கொடுத்தால் 16 ஜிபி ரேம் கொண்ட ஒன்பதாம் தலைமுறை கார்பன். அது எட்டாவிட்டால், நல்ல பேட்டரியோடு 16 ஜிபி கொண்ட ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை கார்பன். இரண்டும் அமையாவிட்டால் டி14ஐ எடுத்து, காலி ஸ்லாட்டில் 8 ஜிபி போட்டுக்கொள்ளுங்கள். எடை கொஞ்சம் கூடினாலும் வேலை தடையில்லாமல் நடக்கும். இப்போது கடையில் காட்டும் 8 ஜிபி கார்பன் இந்த வரிசையில் எங்குமே வராது, விலையை இன்னும் குறைத்தாலும் வராது.

வாங்கிய பிறகு, அலுவலகத்தில் சார்ஜரிலேயே இருக்கும் நாட்களுக்கு வான்டேஜில் சார்ஜ் வரம்பை 80 விழுக்காட்டில் நிறுத்தி வையுங்கள். வெளியூர் கிளம்பும் முந்தைய இரவு மட்டும் அதை 100க்கு மாற்றினால் போதும். பையில் வைக்கும்போது மூடியை மடித்துவிட்டுப் போகாமல் முழுதாக அணைத்துவிடுங்கள், அல்லது ஹைபர்னேட் செய்யுங்கள் (திறந்த வேலைகளைச் சேமித்துவிட்டுக் கணினி அணைந்துவிடும்). இன்றைய விண்டோஸ் கணினிகள் தூக்க நிலையிலும் பின்னணியில் விழித்துக்கொள்வதுண்டு. காற்றில்லாத பைக்குள் அப்படி விழித்தால், வாடிக்கையாளரின் அலுவலகத்தில் எடுக்கும்போது கணினி சூடாகவும் பேட்டரி பாதியாகவும் இருக்கும்.